வோக்கான்சனும் இலியோன் நெசவாளரும்

இயந்திரங்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பலவற்றிலே ஒரு கதை தவறாது இடம்பெறும். பிரான்சு நாட்டின் இலியோன் நகரத்துப் பட்டு நெசவாளர், தானே இயங்கும் தறியை ஆக்கிய பொறியியலாளர் ஒருவரைத் தம் பிழைப்பைக் கெடுக்க வந்தவரெனக் கருதிக் கல்லெறிந்து துரத்தினர்; அவரோ சினங்கொண்டு, கழுதையொன்று சுற்றப் பூவேலைப் பட்டு நெய்யும் எந்திரத்தைச் செய்து காட்டி அவர்களை நாணச் செய்தார் என்பதே அக்கதை. அறிவுக்கும் அறியாமைக்கும் நடந்த போராக இதனைச் சித்திரித்து, மாணவர்க்கு நீதி புகட்டுவாரும் உளர்.

கதையின் நாயகர் ஜாக் வோக்கான்சன். கதையிலே வரும் கல் மெய்யானது. கழுதையும் ஓரளவு மெய்யானதே. ஆயின் ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குவார்க்கு ஓர் இடர்ப்பாடு உடனே தோன்றும். கல்லெறி நிகழ்ந்தது 1744ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில். தானியங்கித் தறி உலகிற்கு அறிவிக்கப்பட்டதோ 1745ஆம் ஆண்டு நவம்பரில். கண்ணாற் காணாத தறிக்காக எவரும் கல்லெறியார். அவ்வாறாயின் அந்நெசவாளர் எதற்காகச் சினந்தனர்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு, அப்பெரியார் தம் வாழ்நாளிலே செய்த பொறிகள் யாவை, எந்நோக்கத்துடன் எவரெவர் பொருட்டுச் செய்தார் என்பனவற்றை முதலிலிருந்தே ஆராய்தல் வேண்டும்.

வோக்கான்சன் 1709ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் கிரெனோபிள் நகரிலே பிறந்தார். தந்தையார் கையுறை தைக்கும் தொழிலாளர், குடும்பமோ பெரியது, இவர் பத்தாவது பிள்ளை. தந்தையார் இவரது இளமையிலேயே இறந்துபட, தாயாரின் பராமரிப்பிலே வளர்ந்து, யேசுசபையாரின் கல்லூரியிற் பயின்றார். தாயார் பக்தி மிக்கவர். அவர் ஞானோபதேசங் கேட்கச் சென்றவிடத்தே காத்திருந்த சிறுவன், அடுத்த அறையிலிருந்த மணிக்கூட்டின் அசைவைச் சுவரின் வெடிப்பினூடாக வாரந்தோறும் கண்டு கண்டு, ஈற்றில் மரத்தாலே ஒரு மணிக்கூட்டைத் தானே செய்துவிட்டான் என்பர். பெரியோர் இளமை பற்றிய இத்தகைய கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. இவற்றை முற்றாக நம்ப வேண்டியதில்லை. ஆயினும் இவர் பிற்காலத்திற் செய்தவற்றை நோக்குமிடத்து, இக்கதை பொய்யாயினும் பொருத்தமற்றதன்று.

கல்லூரியை விட்டபின் இலியோன் நகரிலே மினிம் என்னும் துறவியர் சபையிற் சேர்ந்தார். வறிய வீட்டுப் பிள்ளை கல்வியை மேலுந் தொடர்வதற்கு அக்காலத்தில் இருந்த வழி அதுவே. அங்கும் அவருக்குப் பட்டறையொன்று கிடைத்தது. சபையின் மேலாளர் ஒருவர் வருகை தந்த வேளையில், விருந்து பரிமாறவும் மேசையைத் துப்புரவு செய்யவும் வல்ல பாவைகளை இயற்றினார் என்றும், வந்தவர் முதலில் வியந்து, பின்னர் இது சமயத்திற்கு ஒவ்வாத செயல் எனக் கூறிப் பட்டறையை அழிக்கக் கட்டளையிட்டார் என்றும் சொல்லப்படுகின்றது. வோக்கான்சன் துறவாடையைக் களைந்து பாரிசு நகரிற்குச் சென்றார். இந்நிகழ்ச்சியை நினைவில் இருத்துதல் நன்று; ஏனெனில், களைந்த அவ்வாடையை அவர் மீண்டும் ஒருமுறை, முற்றும் வேறான ஒரு காரணத்திற்காக, அணிய நேர்ந்தது.

பாரிசிலே அவர் உடற்கூற்றியலையும் இயந்திரவியலையும் ஒருங்கே கற்றார். அக்காலத்து ஐரோப்பிய அறிஞரிடையே உயிரினத்தின் உடல் ஒரு பொறியே என்னும் கொள்கை வலுப்பெற்றிருந்தது. விலங்குகள் யாவும் எந்திரங்களே எனத் தேக்கார்ட் முன்னைய நூற்றாண்டிலே எழுதி வைத்திருந்தார். தமிழிலே 'பொறி' என்னும் ஒரே சொல் எந்திரத்தையும், மெய் வாய் கண் மூக்குச் செவி என்னும் ஐந்தையும் குறிக்கின்றது. இஃது எக்காரணத்தால் அமைந்ததாயினும், வோக்கான்சன் காலத்துப் பிரெஞ்சு மருத்துவர் இச்சொல்வழக்கை அறிந்திருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பர். மூச்சு, குருதியோட்டம், சீரணம் ஆகிய உடற்றொழில்களை நடத்திக் காட்டும் மாதிரிகளை இயற்றினால் மருத்துவ மாணவர்க்குப் பயன்படும் என்பது வோக்கான்சனின் எண்ணம். எண்ணம் பெரிது, கையிற் பணமில்லை. கடன் மேலும் மேலும் பெருகியது. நோயும் வந்து படுக்கையிற் கிடத்தியது. அந்நோய்க் காலத்திலேதான், துயிலறித் தோட்டத்திலே கொய்செவோக்சு என்னும் சிற்பி சமைத்திருந்த குழலூதும் உருவம் ஒன்றை நினைந்து, அவ்வுருவம் மெய்யாகவே ஊதுமாயின் எவ்வாறிருக்கும் என்ற கருத்து அவருள்ளத்தில் எழுந்தது.

இசைப்பெட்டி செய்வது அக்காலத்தில் அரிதன்று. பாவையின் கையிலே குழலைக் கொடுத்துவிட்டு, பீடத்தினுள்ளே வேறொரு கருவியால் ஒலியெழுப்புவது கடிகாரத் தொழிலாளர் யாவரும் அறிந்த தந்திரம். வோக்கான்சன் அதனைச் செய்யவில்லை. குழல் மெய்யான குழல். காற்று பாவையின் உதடுகளினூடாகவே வந்தது. துளைகளை மூடித் திறந்தவை பாவையின் விரல்களே. புல்லாங்குழல் ஊதுவோர் அறிவர், அக்கருவியிலே விரலின் வேலை பாதியே என்பதை. ஒரே துளைகளை ஒரே வகையாக மூடியிருப்பினும், உதட்டின் குவிவும் காற்றின் விசையும் மாறுமாயின் சுரம் ஒரு தாயி ஏறிவிடும். இதனைப் பாவைக்குக் கற்பிக்க வேண்டுமாயின், மனிதன் ஊதும்போது செய்வது யாது என்பதை முதலில் அளந்தறிய வேண்டும். தேர்ந்த குழலிசைஞரும் பழக்கத்தாற் செய்வதன்றிச் சொல்லாற் கூறவியலாத ஒன்றை அவர் அளந்தறிந்தார்.

பொறியின் அமைப்பு பின்வருமாறு. பாவை ஓர் ஆளின் உயரத்தது. பாறையொன்றின்மேல் அமர்ந்த கோலம். கீழே பெரிய பீடம். பீடத்தினுள்ளே எடைக்கல்லின் விசையால் இயங்கும் சக்கரங்கள் ஒன்பது துருத்திகளை ஊதின. அவற்றுள் மூன்றின்மேல் நான்கு இறாத்தல் நிறையும், மூன்றின்மேல் இரண்டு இறாத்தல் நிறையும் வைக்கப்பட்டிருந்தன. எஞ்சிய மூன்றிற்கும் அவற்றின் சொந்தப் பலகையின் பாரமே. இங்ஙனம் வலிது, இடைத்தரம், மெலிது என மூவகைக் காற்றுக் கிடைத்தது. மரவுருளையொன்று மெல்லச் சுழன்றது. அதன் மேற்பரப்பிலே நூற்றுக்கணக்கான முளைகள் பதிக்கப்பட்டிருந்தன. முளைகள் பதினைந்து நெம்புகோல்களைத் தூக்கின. ஏழு கோல்கள் விரல்களுக்கு. மூன்று காற்றறைகளின் வாயில்களுக்கு. நான்கு உதடுகளுக்கு, அஃதாவது திறக்கவும் மூடவும் முன்னே நீட்டவும் பின்னே இழுக்கவும். எஞ்சிய ஒன்று காற்றை அறுக்கும் நாவிற்கு. விரல்களின் நுனி வெறும் மரமாயின் துளையை இறுக மூடாது; ஆதலால் அவற்றைத் தோலினாற் போர்த்தினார். கையுறைக்காரரின் மகனுக்கு இவ்வேலையை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்பாவை பன்னிரண்டு இசைகளை ஊதியது. 1738ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பாரிசின் லோங்குவில் மாளிகையில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் மூன்று லிவர். கூலியாள் ஒருவருக்கு அது எளிதிற் கொடுக்கக்கூடிய தொகையன்று. ஏப்பிரல் மாத இறுதியிலே பொறியின் விளக்கத்தை வோக்கான்சன் அரச விஞ்ஞானக் கழகத்தின் முன் வாசித்தார். கழகத்தார் பாவையைச் சோதித்து, இது மெய்யாகவே காற்றாலும் உதட்டாலும் விரலாலும் இசைக்கின்றது எனச் சான்றளித்தனர். அச்சான்றிலே கழகத்தின் செயலாளரான முதுபெரும் அறிஞர் பொந்தனெல் கையொப்பமிட்டார். விளக்கம் அச்சேறியது, 1742ஆம் ஆண்டிலே இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

இவ்வெற்றிக்குப் பின்னர் இருவேறு பொறிகள் தோன்றின. ஒன்று, ஒரு கையாற் சிறுகுழலும் மறுகையாற் பறையும் இசைக்கும் இடையன் பாவை. மற்றையது, இன்றளவும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தாரா. பொன்முலாம் பூசிய செம்பினாலான இத்தாரா சிறகடித்தது, கழுத்தை நீட்டியது, நீரைக் குழப்பிக் குடித்தது, கத்தியது. கையிலே தானியத்தை நீட்டினால் விழுங்கிச் சற்று நேரத்திற் கழித்தது! சிறகின் ஒவ்வோரெலும்பையும் மெய்யான பறவையில் உள்ளவாறே அமைத்திருப்பதாக வோக்கான்சன் எழுதினார். அக்கூற்றில் ஐயமில்லை. சீரணத்தைப் பற்றிய கூற்றிலேதான் இழுக்கு உண்டு.

உணவு இரைப்பையிலே அரைபட்டுச் சீரணிக்கின்றதா, கரைந்து சீரணிக்கின்றதா என்பது அக்காலத்து மருத்துவரிடையே நிகழ்ந்த பெருவழக்கு. தாராவின் வயிற்றிலே உணவு கரைந்தே சீரணிக்கின்றது என வோக்கான்சன் விளம்பரப்படுத்தினார். குருதியை உண்டாக்கும் முழுமையான சீரணம் இஃது என்று தாம் கூறவில்லை எனவும் சேர்த்துக்கொண்டார். உண்மையிலோ அங்குக் கரைதலும் இல்லை, அரைதலும் இல்லை. விழுங்கிய தானியம் ஓரிடத்தே தங்கியது. வெளிவந்தது முன்னரே வேறோர் அறையில் ஆயத்தஞ் செய்து வைத்த பொருள். குழலூதும் பாவையிலே எத்தகைய ஏமாற்றும் வேண்டாமென இருந்தவர், தாராவிலே சந்தைவித்தைக்காரரின் தந்திரத்தைக் கையாண்டுவிட்டார். இதிலே விந்தை யாதெனின், அவர் பொய்யாகக் காட்டிய கொள்கையே மெய்யாக முடிந்தது. இறெயோமூர் என்னும் அறிஞர், துளையிட்ட உலோகக் குழாயினுள் இறைச்சியை வைத்துப் பருந்தொன்றை விழுங்கச் செய்து, அரைபடாமலே இறைச்சி கரைந்திருந்ததைக் கண்டு 1752ஆம் ஆண்டிலே வெளியிட்டார். எனினும், முடிவு சரியானதென்பதாற் பொய்ச்சான்று மெய்ச்சான்றாகிவிடாது.

மக்கள் அச்சான்றை ஆராயவில்லை. பாரிசு முழுவதும் தாராவைப் பார்க்கத் திரண்டது. வோல்தேர் தம் செய்யுளிலே அவரைத் தேவரிடமிருந்து தீயைக் கொணர்ந்த புரோமீதியசுக்கு நிகரானவர் எனப் புகழ்ந்தார். பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடரிக் தன் அவைக்கு வருமாறு அழைத்தான், வோக்கான்சன் செல்லவில்லை. தம் நாட்டிலேயே தமக்கு வேலையுண்டு என அவர் கருதியிருத்தல் கூடும். அவ்வேலை விரைவில் வந்தது. 1741ஆம் ஆண்டிலே பிரான்சின் முதல் அமைச்சராயிருந்த கருதினால் பிளெரி, வோக்கான்சனை அந்நாட்டின் பட்டுக் கைத்தொழிலுக்குப் பரிசோதகராக நியமித்தார். மூன்று பாவைகளும் இரண்டாண்டின் பின் இலியோன் வணிகர் சிலருக்கு விற்கப்பட்டன. அவற்றை ஆக்கியவர் மீண்டும் அவற்றைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பாவைகளின் புகழிலே மயங்கிய பலர் அவரது வாழ்வை இங்கேயே முடித்துவிடுவர். அவர் செய்த பெரும் வேலைகளோ இதன் பின்னரே தொடங்குகின்றன.

பட்டு அக்காலத்துப் பிரான்சிற்கு வெறும் ஆடம்பரப் பொருளன்று. அரசின் வருவாய்க்குரிய பெருங்கைத்தொழில். இலியோன் நகரின் பூவேலைப் பட்டை ஐரோப்பாவின் அரசவைகள் யாவும் விரும்பி வாங்கின. ஆயினும் அப்பட்டின் பாவிற்குரிய நல்ல முறுக்குநூலை இத்தாலியின் பியெமொந்துப் பகுதியிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு நூல் சீரற்றது. ஓரிடத்தே தடித்தும் ஓரிடத்தே மெலிந்தும், முறுக்குக் கூடியும் குறைந்தும் இருந்தது. இக்குறையை நீக்குதலே பரிசோதகரின் கடமை. வோக்கான்சன் இலியோனையும் பியெமொந்தையும் சுற்றிப் பார்த்துத் தம் முடிவை வகுத்தார். கூடு அவித்து நூலெடுப்பது முதல் துணி நெய்வது வரை ஒவ்வொரு படியும் ஒழுங்குபடுத்தப்படல் வேண்டும். அரசின் துணையுடன் பெரிய ஆலைகள் நிறுவப்படல் வேண்டும். தொழிலாளரின் விருப்பத்திற்கும் பழக்கத்திற்கும் எதையும் விடுதலாகாது. பாவையின் உதட்டசைவை உருளையின் முளைகளுக்கு ஒப்படைத்தவர், ஒரு நகரத்தின் தொழிலையும் அவ்வாறே ஒப்படைக்கலாமென எண்ணினார் போலும்.

இலியோன் நகரோ உருளையன்று. அந்நகரின் பட்டுத் தொழிலிலே இருவகையினர் இருந்தனர். ஒருவகையினர் நூலையும் மாதிரிகளையும் கொடுத்துத் துணியை வாங்கி விற்ற பெருவணிகர். மற்றையோர் தம் வீட்டிலே இரண்டு மூன்று தறிகளை வைத்து, மனைவி மக்களோடும் பயிலுநரோடும் நெய்த நெசவாசான்கள். இந்நெசவாசான்களுள் கையிலே சிறிது பொருள் உடையோர், பிறருக்கு நெய்யாது தாமே நூல் வாங்கி நெய்து விற்கவும் முயன்றனர். இவ்வுரிமை பற்றியே இரு சாராரும் பல தலைமுறையாக வழக்காடி வந்தனர். 1737ஆம் ஆண்டிலே வெளிவந்த விதிகள் சிறிய நெசவாசான்களுக்குச் சார்பாயிருந்தன. 1744ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் வெளிவந்த புதிய விதிகள் அதனை நேரெதிராக மாற்றின. தாமே நெய்து விற்க விரும்பும் நெசவாசான்கள் மீது கட்டணமும் கட்டுப்பாடுகளும் சுமத்தப்பட்டன. தொழிலின் ஆட்சி பெருவணிகரின் கைக்குச் சென்றது. இவ்விதிகளை வகுத்தோருள் வோக்கான்சனுக்குப் பெரும் பங்குண்டு.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே விதிகளை நடைமுறைப்படுத்த வோக்கான்சன் இலியோனில் இருந்த வேளையில் நகரம் கொதித்தெழுந்தது. தறிகள் நின்றன. நெசவாளர் தெருக்களில் திரண்டு, விதிகளை நீக்குமாறு கோரினர். வோக்கான்சனைத் தேடிய கூட்டத்தினர் கையிலே கல்லிருந்தது. நகராட்சியினர் அஞ்சி விதிகளை மீட்டுக்கொண்டனர். பரிசோதகரோ இரவோடிரவாக மினிம் துறவியின் ஆடையணிந்து நகரைவிட்டுத் தப்பினார். பொறி செய்வதற்காகக் களைந்த ஆடை உயிர் காப்பதற்கு உதவியது. அடுத்த ஆண்டு அரசபடை இலியோனுக்குள் நுழைந்தது. கலகத் தலைவர் சிலர் தண்டிக்கப்பட்டனர். நீக்கப்பட்ட விதிகள் மீண்டும் நிலைநாட்டப்பட்டன.

ஆகவே முதலில் எழுந்த வினாவிற்கு விடை தெளிவாகின்றது. இலியோன் நெசவாளர் எந்திரத்தை எதிர்த்துக் கல்லெடுத்தவரல்லர். தம் தறிக்குத் தாமே உடையவராயிருக்கும் உரிமையைப் பறித்த சட்டத்தையே அவர்கள் எதிர்த்தனர். அவர்கள் எழுத்தறிவற்ற மூடக்கூட்டமும் அல்லர். விதியின் ஒவ்வொரு பிரிவும் தம் வீட்டு அடுப்பை எவ்வாறு தாக்கும் என்பதைப் பெருவணிகரிலும் நன்றாக அறிந்தவர்கள். பிற்கால ஆசிரியர், வோக்கான்சன் தறி செய்தார் என்பதையும் கல்லெறி பட்டார் என்பதையும் அறிந்து, முன்னதைக் காரணமாகவும் பின்னதை விளைவாகவும் கோத்துவிட்டனர். இவ்வாறு கோத்தமையாற் பொறியியலாளருக்குப் பெருமை சேர்ந்தது. நெசவாளருக்கு அறியாமைப் பட்டம் சேர்ந்தது. இரண்டாவது அநீதி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் திருத்தப்படாதிருத்தல் வருந்தத்தக்கது.

இனித் தறியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பூவேலைத் துணி நெய்வதற்கு, ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் பாவின் நூல்களுட் சில மேலெழவும் சில கீழே தங்கவும் வேண்டும். எவை எழவேண்டும் என்பது பூவின் கோலத்தைப் பொறுத்தது. பழைய தறியிலே இந்நூல்களைத் தாங்கிய கயிறுகளைத் தறியின் பக்கத்தே நின்று ஓராள் இழுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் சிறுவரும் பெண்களுமே இவ்வேலையைச் செய்தனர். நாள் முழுவதும் பாரமான கயிற்றுக் கற்றையை இழுத்து நிற்கும் இவ்வேலை உடலை முறிப்பது. 1725ஆம் ஆண்டில் இலியோனைச் சேர்ந்த பூசோன் என்பார், துளையிட்ட கடதாசிச் சுருளினால் இக்கயிறுகளைத் தெரிவு செய்யும் வழியைக் கண்டார். ஊசிகள் கடதாசியை நோக்கித் தள்ளப்படும்போது, துளையுள்ள இடத்திலே ஊசி உட்செல்லும், துளையில்லாவிடத்துத் தடைப்படும். 1728ஆம் ஆண்டில் பல்கோன் என்பார் கடதாசிச் சுருளுக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்தார். இருவர் கருவியிலும் பக்கத்தே நிற்கும் ஆள் நீங்கவில்லை.

வோக்கான்சன் செய்தது இதுவே. பக்கத்திலிருந்த பொறியைத் தூக்கித் தறியின் உச்சியில் வைத்தார். பக்கவாட்டுக் கயிறுகளை அகற்றிப் பாவின் நூல்களை நேரே கொக்கிகளிலே தொங்கவிட்டார். ஊசிகளுக்கு முன்னே துளையுள்ள உருளையொன்றை அமைத்து, ஊடை ஓடுந்தோறும் அது முன்வந்து அழுத்திப் பின்சென்று ஒருபல் திரும்புமாறு செய்தார். குழலூதும் பாவையின் முளையுருளையே இங்குத் துளையுருளையாக உருமாறி நிற்கின்றது என்பதை நோக்குக. ஒரே தண்டைச் சுற்றுவதால் தறி முழுவதும் இயங்கியது. 1745ஆம் ஆண்டு நவம்பரிலே 'மெர்க்கூர் த பிரான்சு' என்னும் இதழ், குதிரையோ எருதோ கழுதையோ இத்தறியை இயக்கிக் கைதேர்ந்த நெசவாளரினும் அழகிய துணியை நெய்யக்கூடும் என்னும் கருத்துப்பட எழுதியது. கழுதைக் கதையின் வித்து இங்கேதான் உள்ளது. கல்லெறி பட்டவரின் மனப்புண் அவ்வரிகளிலே ஓரளவு தெரிகின்றது எனலாம்.

ஆயினும் கழுதை வெல்லவில்லை. உருளையின் சுற்றளவிற்கு அடங்கிய சிறு கோலங்களையே அத்தறி நெய்யவல்லது. கோலம் மாறுந்தோறும் உருளையின் துளையமைப்பும் மாற்றப்படல் வேண்டும். செலவோ பெரிது. இலியோனின் பட்டு, கோலம் அடிக்கடி மாறுவதனாலேயே விலைபோன பொருள். ஆகவே தறி எங்கும் பரவவில்லை. பட்டறையில் ஒரு மாதிரியாகவே எஞ்சியது. நெசவாளரின் கைத்திறத்தைக் கழுதையின் காலுக்கு ஒப்பிட்டவர், அத்திறத்திலே சிறு பகுதியைத்தான் உருளையில் ஏற்ற முடிந்தது என்பது வரலாறு தரும் விடை.

1746ஆம் ஆண்டில் விஞ்ஞானக் கழகம் வோக்கான்சனை உறுப்பினராக்கியது. அதன் பின் மூன்றரைப் பதிற்றாண்டுகள் அவர் நூல் முறுக்கும் ஆலைகளிலே ஈடுபட்டார். தென்பிரான்சின் ஒபெனா நகரில் அவருடைய திட்டப்படி பட்டாலை எழுந்தது. பழைய ஆலைகளிலே கதிர்களை வார்கள் உரசிச் சுழற்றின. வார் வழுக்குந்தோறும் முறுக்குக் குறையும். வோக்கான்சன் வாருக்குப் பதிலாகக் கம்பிச் சங்கிலியைப் பூட்டினார். சங்கிலியின் கண்ணிகள் யாவும் ஒரே அளவினவாயிருந்தாலன்றிச் சக்கரப் பல்லிற் பொருந்தா. கையாற் செய்யும் கண்ணிகள் அவ்வாறு அமையா. ஆகவே கண்ணி வளைப்பதற்கென்றே ஓர் எந்திரம் செய்தார். இங்ஙனம் எந்திரம் செய்வதற்கு எந்திரம் என்னும் நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார்.

அவரது இரும்புக் கடைசல் எந்திரமும் இவ்வகையினதே. அதுகாறும் கடைசல் வேலை செய்வோர் உளியைக் கையிற் பிடித்து, கையின் உறுதியையே நம்பிக் கடைந்தனர்; எந்திரத்தின் உடலும் பெரும்பாலும் மரமே. வோக்கான்சன் இரும்புச் சட்டத்திலே விளிம்பு கூரிய தண்டவாளங்களைப் பொருத்தி, உளி தாங்கியை அவற்றின்மீது திருகாணியால் நகரச் செய்தார். கை நடுங்கினும் உளி நடுங்காது. நேரிய உருளைகளைக் கடைவதற்கு இதனைவிடப் பெரிய உதவி வேறில்லை. இலண்டனிலே ஹென்றி மோட்ஸ்லி தம் புகழ்பெற்ற திருகாணிக் கடைசல் எந்திரத்தை அமைத்தது 1797ஆம் ஆண்டளவிலே. வோக்கான்சனின் எந்திரமோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. தாராவை அறிந்தவர் ஆயிரவர். இக்கடைசல் எந்திரத்தை அறிந்தவர் மிகச் சிலர். எனினும் பொறியியலாளர் என்ற வகையில் அவரது பெருமையை அளக்க விரும்புவோர் இதனையே முதலில் நோக்குதல் தகும்.

இளமையிலே கொண்ட ஆசையை அவர் முற்றும் மறந்தாரல்லர். குருதியோட்டத்தைக் காட்டும் உருவமொன்றைச் செய்ய விரும்பி, அதன் நாளங்களுக்கு இறப்பர்க் குழாய் வேண்டுமென எண்ணினார். இறப்பர் அக்காலத்து ஐரோப்பாவிலே புதுமைப் பொருள். இம்முயற்சிக்கு மன்னர் பதினைந்தாம் லூயி ஆர்வங்காட்டினார் என்றும், மரம் வளரும் கயானாவிலேயே குழாய்களைச் செய்யத் திட்டமிடப்பட்டது என்றும், அதிகாரிகளின் தாமதத்தால் மனம் வெறுத்து வோக்கான்சன் அதனைக் கைவிட்டார் என்றும் அவருக்கு இரங்கலுரை எழுதிய கொண்டோர்சே கூறுகின்றார்.

1782ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பாரிசில் அவர் காலமானார். சறோன் வீதியிலே அவர் வாழ்ந்த மோர்த்தாஞ் மாளிகையிலிருந்த எந்திரங்கள் யாவும் அரசின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு மாளிகையையும் அரசு வாங்கிப் பொதுக் காட்சிச்சாலையாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794ஆம் ஆண்டில், ஹென்றி கிரெகுவார் குருவானவரின் முயற்சியால் தொழிற்கலைகளுக்குரிய தேசியக் காப்பகம் நிறுவப்பட்டபோது வோக்கான்சனின் சேகரிப்பும் அதனுட் சேர்ந்தது. மன்னரின் பரிசோதகர் செய்தவை குடியரசின் பாடசாலைப் பொருளாயின.

அங்கேதான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலியோனிலிருந்து வந்த ஒருவர் கைபடாது கிடந்த பழைய தறியைச் செப்பனிட்டார். அவர் 1752ஆம் ஆண்டிலே நெசவாசான் ஒருவரின் மகனாய்ப் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்ட். வோக்கான்சனின் உச்சிப் பொறியை வைத்துக்கொண்டு, உருளைக்குப் பதிலாக நாற்பக்கக் கட்டையொன்றை அமைத்து, அதன்மீது பல்கோனின் அட்டைச் சங்கிலியை ஓடவிட்டார். சங்கிலியை வேண்டிய நீளத்திற்குக் கோக்கலாம் ஆதலின் கோலத்திற்கு எல்லையில்லாது போயிற்று. கோலம் மாற அட்டைகளை மாற்றினாற் போதும். 1804ஆம் ஆண்டிலே உருவான இத்தறி உலகெங்கும் பரவியது. கல்லெறிந்த ஊரின் நெசவாசான் மகனே கல்லெறி பட்டவரின் குறையை நிறைவுசெய்தார். அவர் பிறந்தது கலகம் நடந்து எட்டாண்டின் பின். அந்நாட்களின் பேச்சைக் கேட்டே அவர் வளர்ந்திருப்பார்.

கயிறிழுத்த சிறுவருக்கு இதனால் விடுதலை கிடைத்தது என்பது மெய். வேறு வேலை கிடைத்ததா என்பது வேறு கேள்வி. இலியோன் நெசவாளர் 1831ஆம் ஆண்டிலும் 1834ஆம் ஆண்டிலும் மீண்டும் எழுந்தனர். அப்போதும் அவர்கள் கேட்டது தறியை உடைப்பதற்கன்று. 1831இல் அவர்களது கோரிக்கை, நெய்த துணிக்கு ஆகக் குறைந்த கூலி இதுவென வரையறுத்த ஒப்பந்தத்தை வணிகர் மதிக்க வேண்டும் என்பதே.

துளை அட்டையின் பயணம் நெசவோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலே சாள்சு பாபேச்சு 1830களில் தாம் திட்டமிட்ட பகுப்புக் கணிப்பொறிக்குக் கட்டளைகளை ஜக்கார்ட்டின் அட்டைகள் போன்றவற்றாலே கொடுக்க எண்ணினார். 'றோபோ' என்னும் சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் நாடகமொன்றிலே 1920ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலே மோட்டார் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் 1961ஆம் ஆண்டில் வேலைக்கமர்ந்த 'யூனிமேற்' என்னும் இயந்திரக்கை, தான் செய்யவேண்டிய அசைவுகளை ஒரு காந்த உருளையிற் பதித்து வைத்திருந்தது. முளைக்குப் பதில் காந்தம்; உருளை பழைய உருளையே.

பாவைகளின் கதி இரங்கத்தக்கது. கைமாறிக் கைமாறிச் சென்று, ஈற்றிலே செருமனியின் ஹெல்ம்ஸ்தெத் நகரத்துப் பேராசிரியர் பைறைசு என்பாரிடம் அவை அடைந்தன. 1805ஆம் ஆண்டில் மகாகவி கேதே அங்குச் சென்று அவற்றைக் கண்டார். குழலூதும் பாவை ஊதவில்லை. தாரா இறகிழந்து எலும்புக்கூடாய் நின்று, தானியத்தை மட்டும் விழுங்கியது, சீரணிக்கவில்லை. பின்னர் மூன்றும் மறைந்துபோயின. தறியும் கடைசல் எந்திரமும் பாரிசிலே, சென் மார்த்தன் மடாலயத்துக் கட்டடங்களில் அமைந்த தொழிற்கலை அரும்பொருட்சாலையில், இன்றும் உள்ளன.